வட்டுக்குள் வாழும் வீட்டுச் செல்வம்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வரும் பெருந்தெரு, பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளைப் பக்கம் ஏற, மற்றையது கொஸ்லந்தை வழியே வெல்லவாயை நோக்கி இறங்குகின்றது. இப்பகுதித் தோட்டங்களில், பல வீடுகளின் அலுமாரிகளிலே சில இறுவட்டுகள் பத்திரப்படுத்தப்பட்டிருக்கும். மகளின் பூப்புனித நீராட்டு விழா, மகனின் திருமணம், கோயில் திருவிழா ஆகியவை அவற்றில் அடங்கியிருக்கும். காலஞ்சென்ற பாட்டனார் மணமக்களை வாழ்த்தும் குரல், இன்று அவ்வட்டொன்றில் மட்டுமே எஞ்சியிருத்தலும் கூடும்.

வட்டு இருக்கின்றது, அதனைச் சுழற்றிக் காட்டும் கருவியோ பழுதாகிவிட்டது. புதிதொன்று வாங்க எண்ணும் குடும்பத்தார் அறிய வேண்டியவை எவை என நாம் நோக்குவோம்.

'புளூ ரே' எனப்படும் உயர்தெளிவு இறுவட்டுக் கருவி 2006 ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு வந்தது. டீவீடி வட்டைப் படிக்கும் சிவப்பு லேசர் ஒளியின் அலைநீளம் 650 நனோமீற்றர். இதன் நீல ஊதா ஒளிக்கோ 405 நனோமீற்றரே. கூரிய பேனாவால் எழுதினால் ஒரே தாளில் அதிக வரிகள் அடங்குமன்றோ? அதுபோலவே, டீவீடியின் ஓரடுக்கில் 4.7 கிகாபைட் அடங்க, அதேயளவான புளூ ரே வட்டின் ஓரடுக்கில் 25 கிகாபைட் அடங்குகின்றது. நம் நாட்டு டீவீடிப் படத்தில் 720க்கு 576 புள்ளிகள். உயர்தெளிவுப் படத்தில் 1920க்கு 1080. பெருக்கிப் பார்க்கும் மாணவர், பின்னது முன்னதன் ஐந்து மடங்கு எனக் காண்பர்.

அங்ஙனமாயின் பழைய வட்டுகள் பயனற்றவையா? அல்ல. புளூ ரே கருவிகளிற் பெரும்பாலானவை டீவீடியையும் காட்டும். அதன் படத்தைப் புதிய தொலைக்காட்சிக்கேற்ப விரித்தும் தரும். எனினும், பதியப்படாத நுணுக்கத்தை எக்கருவியும் புதிதாய்ப் படைத்துவிடாது. இணைய வசதியோ கணினியோ வேண்டாமையால், வீட்டுப் பாட்டியாரும் பொத்தானை அழுத்திப் பேரனின் திருமணத்தைக் கண்டு மகிழலாம்.

வாங்குமுன் மூன்றைக் கவனித்தல் நலம். புதிய கருவிகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. இணைப்பு மட்டுமே உண்டு. நம் தொலைக்காட்சிப் பெட்டியில் அத்துளை உளதா எனப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, புளூ ரே வட்டுகளுக்கு வலய எல்லை உண்டு. இலங்கை 'சி' வலயம், கனடா 'ஏ', இங்கிலாந்து 'பி'. உறவினர் அங்கிருந்து அனுப்பும் திரைப்பட வட்டு இங்கே இயங்காமற் போகலாம். வீட்டு விழா வட்டுகளுக்கு இத்தடை இல்லை. மூன்றாவதாக, நம் வட்டொன்றைக் கடைக்கே கொண்டுசென்று இயக்கிப் பார்த்தல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. விழாக்களைப் பதியும் டீவீடிகளில் பெரும்பாலும் சாயப் படலமே எழுதுதளமாக உள்ளது. வெப்பம், வெளிச்சம், ஈரம் ஆகியவற்றால் அது நாளடைவில் நலிவுறும். மூடுபனி வீட்டுக்குள் நுழையும் நம் மலைகளில் இது சிறு செய்தியன்று. பதிவு செய்யத்தக்க புளூ ரே வட்டுகளின் உற்பத்தியை சோனி நிறுவனமே 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே, வட்டுகள் இயங்கும்போதே கணினி வல்லார் ஒருவரைக்கொண்டு அவற்றைப் பிரதி செய்து, ஒரு பிரதியை வேற்றூர் உறவினரிடம் ஒப்படைத்தல் அறிவுடைமை.

வேற்றூர் ஏனெனில், பெரகலையிலிருந்து இறங்கும் அதே வழியில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில், 2014 ஒக்ரோபர் 29 அன்று மண்சரிவு லயன் வீடுகளை மூடிற்று. உயிரிழப்பின்முன் பொருளிழப்புச் சிறிதே. ஆயினும், இறந்தோரின் முகத்தையேனும் காட்டும் படம் வேறெங்காவது இருப்பின், எஞ்சியோர்க்கு அது எத்துணை ஆறுதல்!

கருவியின் விலை ஒரு குடும்பத்துக்குப் பாரமாயின், ஒரு லயத்தார் கூடி ஒன்று வாங்கலாம். ஞாயிறு மாலைகளில் ஒவ்வொரு வீட்டு வட்டாக எடுத்துப் பார்க்கட்டும். பெரியோர் முகங்களைச் சுட்டிப் பெயர் சொல்லட்டும். பிள்ளைகள் அவற்றை எழுதி வைக்கட்டும்.