வீட்டுக்குள் விசுவாசம் – 11
அக்கா போட்ட கையெழுத்து

சென்ற வாரம் மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். இதழ் வெளியான மறுநாள் ஒரு வாசகி தொலைபேசியில் பேசினார். வயதானவர் என்பது குரலிலேயே தெரிந்தது. “ஐயா, மன்னிக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. எங்கிட்டயிருந்து எடுத்துக்கிட்டவங்களை நான் எப்பவோ மன்னிச்சாச்சு. எடுத்துக்கிட்டவங்களுக்கு ஒண்ணும் எழுத மாட்டீங்களா?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதனாலேயே அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

அவருக்குப் பதில் எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. நானும் எடுத்துக்கொண்டவன்.

அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் என்று அக்காவும் நானும் மட்டும். ஊரில் ஓர் ஓட்டு வீடு, கிணற்றோடு ஒன்றரை ஏக்கர் வாழைத் தோட்டம். அப்பாவை அடக்கம் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பத்திர எழுத்தரிடம் சொல்லி விடுதலைப் பத்திரம் தயார் செய்துவிட்டேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அக்கா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றாள். வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். “எனக்கு எதுக்குல அதெல்லாம்? நீ நல்லா இருந்தா போதும்” என்றாள். வெயிலில் நின்றேன் என்று எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

கல்யாணத்தில்தான் நகை போட்டாயிற்றே என்று உறவினர்கள் சொன்னார்கள். நானும் அதையே எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கிறிஸ்தவர்களின் வாரிசுரிமை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. மனைவி இல்லையென்றால் முழுவதும் பிள்ளைகளுக்கே. மகன், மகள் என்ற பேதம் கிடையாது. தகப்பன் உயிரோடிருந்தபோது ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்ததை அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கக் கூடாது என்பது அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு. ஆகவே நகைக் கணக்கு வெறும் ஊர்க் கணக்கு. தோட்டத்திலும் வீட்டிலும் சரிபாதி அக்காவுடையது.

இருவரும் ஒரே சபை. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில், காணிக்கை எடுப்பதற்கு முன்பாகச் சமாதானத்தைக் கைக்குக் கை கொடுத்துக்கொள்வோம். 1950-இல் இந்த ஆராதனை முறையை அமைத்தவர்கள் அதை சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்தார்கள். காணிக்கைக்கு முன்னால் அதை வைத்ததற்குக் காரணம் மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. ஆறு வருடம் அந்தச் சமாதானத்தை வாங்கி, அடுத்தவருக்குக் கொடுத்து, தோட்டத்து வருமானத்தில் தசமபாகமும் தவறாமல் போட்டேன். அதில் பாதி அக்காவின் பணம்.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு பேசுவது யாரிடம் என்று கவனியுங்கள். பிறர்மேல் உனக்குக் குறை இருந்தால் என்று அங்கே அவர் தொடங்கவில்லை. உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று பலிபீடத்தருகே உனக்கு நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள். பலிபீடமோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆட்டை ஆலயத்தில் விட்டுவிட்டு, நாள்கணக்கில் நடந்து ஊருக்குப் போய், மறுபடி அதே தூரம் திரும்பி வர வேண்டும். எருசலேமிலிருந்து கலிலேயாவுக்கு நடக்கச் சொன்னவரின் பிள்ளையான எனக்கு அக்கா வீடு மூன்று தெரு தள்ளி.

எனக்கு ஒரு சாக்கு இருந்தது. அக்காவுக்குத்தான் என்மேல் குறையே இல்லையே! அந்தச் சாக்கு ஒருநாள் உடைந்தது. அவள் மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வளையலை அடகு வைத்திருக்கிறாள் என்று வேறொருவர் சொல்லித் தெரிந்தது. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அத்தானிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: கேட்டால் பங்கு கேட்பதாகத் தம்பி நினைத்துவிடுவான் என்று அக்கா பயந்தாளாம்.

அன்றிரவு ஆதியாகமத்தில் யாக்கோபின் கதையை எடுத்து வாசித்தேன். சிறுவயதிலிருந்து தெரிந்த கதைதான். சேஷ்டபுத்திரபாகத்தை ஒரு வேளைக் கூழுக்கு வாங்கியவன், கண் மங்கிய தகப்பனை ஏமாற்றி அண்ணனின் ஆசீர்வாதத்தையும் எடுத்துக்கொண்டவன். லாபானிடம் இருபது வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பும்போது, அண்ணன் ஏசாவுக்கு முன்கூட்டியே மந்தைகளை அனுப்புகிறான். வெள்ளாடு, செம்மறி, பசு, காளை, கழுதை, ஒட்டகம் எல்லாம் சேர்த்து, ஒட்டகக் குட்டிகளை எண்ணாமலே 550. அதில் பயமும் தந்திரமும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுத பிறகு, பயப்பட ஒன்றுமில்லை. எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையதை நீயே வைத்துக்கொள் என்கிறான் ஏசா. யாக்கோபு விடவில்லை. வருந்திக் கேட்டுக் கொடுக்கிறான். அந்த இடத்தில் தன் பரிசைக் குறிக்க அவன் சொல்லும் எபிரேயச் சொல் ‘பெராகா’. ஆசீர்வாதம் என்று பொருள். அவன் திருடிக்கொண்டு ஓடியதும் அதே பெராகாதான்.

ஏசா மன்னித்துவிட்டான் என்பதால் யாக்கோபின் கடன் தீரவில்லை. நான் பிடித்துக்கொண்டது இதைத்தான். நம் பிரசங்கங்களில் மன்னிக்கும்படி இழந்தவர்களிடமே கேட்கிறோம். பெண்கள் கூட்டங்களில் இன்னும் அதிகமாகக் கேட்கிறோம். சகேயுவின் வீட்டில் இயேசு தங்கியதைச் சொல்லும் நாம், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்று அவன் எழுந்து நின்றதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். இது தவறு. மனம் நொந்தவரின் தோளில் இரண்டாவது சுமையை ஏற்றுகிற தவறு.

அக்காவிடம் போனேன். எதிர்பார்த்தபடியே வேண்டாம் என்றாள். நான்கைந்து முறை போனேன். கடைசியில் தோட்டத்தில் பாதியை அவள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதினேன். வீட்டில் அவள் பங்குக்கு உரிய தொகையைத் தவணையாகக் கொடுத்து வருகிறேன், இன்னும் முடியவில்லை. பதிவு முடிந்து வெளியே வந்ததும் அக்கா அழுதாள். “இதுக்காகவால இத்தனை வருசமா வீட்டுப் பக்கம் வராம இருந்த?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். அந்த ஆறு வருடத்தில் அவள் வீட்டுப் படி ஏறியது இரண்டே முறை. விலகி இருந்தது அவளல்ல, நான்.

எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். திருப்பிக் கொடுத்தாலும் பேசாத உறவுகள் உண்டு. கட்டிப்பிடித்து அழுத பிறகும் யாக்கோபும் ஏசாவும் சேர்ந்து வாழவில்லை. வேறு வேறு திசையில்தான் போனார்கள். ஆனாலும் தகப்பன் ஈசாக்கை அடக்கம் செய்ய இருவரும் வந்து நின்றார்கள்.

தொலைபேசியில் பேசிய அந்த அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். வாசிக்கும் சகோதரர்களே, பீரோவில் தாய்ப்பத்திரம் இருக்கும் பையை இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதற்குள் ஒரு விடுதலைப் பத்திரம் இருந்தால், அடுத்த திருவிருந்துக்கு முன்பாக, கையெழுத்துப் போட்டவளின் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

(தொடரும்)