கேரவன் வாங்கப் போகிறீர்களா? முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்

சுங்கை ஊடாங் – கடற்கரையில் குடும்பத்தோடு தங்குவதற்கோ, சாலையோரம் உணவுக் கடை போடுவதற்கோ, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கேரவனை வாங்க நினைப்பவர்கள் கட்டிலைப் பார்ப்பார்கள், குளிர்சாதனத்தைப் பார்ப்பார்கள், பிறகு விலை பேசுவார்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. சேமித்த பணம் மிஞ்சுமா, மூழ்குமா என்பது பெரும்பாலும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

சுவர்கள் முக்கியமாக இரண்டு வகை. முதலாவது, மரச்சட்டத்தின் மேல் வரிவரியான அலுமினியத் தகடு போர்த்தியது. பலகையும் தகரமுமாக நின்ற தோட்டத்து லயங்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மரக்கிளை விழுந்து ஒரு தகடு நசுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். உள்ளே சட்டம் உளுத்தால் கைதேர்ந்த தச்சரே சரிசெய்துவிடுவார். ஆனால் இணைப்புகள் அதிகம். ஒவ்வோர் இணைப்பும் தண்ணீருக்கு ஒரு வழி.

இரண்டாவது, வழவழப்பான ஃபைபர் சுவர். நடுவில் அலுமினியச் சட்டமும் போலிஸ்டைரின் நுரைப்பலகையும், இரு பக்கமும் மெல்லிய ஒட்டுப்பலகை, வெளியே ஃபைபர் தகடு. எல்லாவற்றையும் பசை தடவி ஒன்றாக அழுத்தியிருப்பார்கள். (அமெரிக்கக் கேரவன்களில் ‘லவான்’ என்று சொல்லும் அந்த ஒட்டுப்பலகை, நாம் மெராந்தி என்று அழைக்கும் மர இனத்தைச் சேர்ந்ததுதான்.) பார்க்க அழகு, வெயிலையும் ஓரளவு தடுக்கும். தண்ணீர் புகுந்தால்தான் வினை. பசை விட்டுப் போய் சுவர் வயிறு போல உப்பும். ஒரு துண்டை மட்டும் மாற்ற முடியாது, சுவரையே பிரிக்க வேண்டிவரும். ஒட்டுப்பலகைக்குப் பதிலாக மரமே இல்லாத கூட்டுப்பலகை வைத்த புதிய வகைகள் இதற்கு மேல்.

படகு போல இரண்டு ஓடுகளாக வார்த்து இணைத்த முழு ஃபைபர் கேரவன்களும் உண்டு. இணைப்பு குறைவு, ஒழுக்கும் குறைவு. நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

மலாக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தண்ணீர் சுவரின் நடுவில் நுழைவதில்லை. சன்னல் ஓரம், கூரை மூலை, விளக்கு மாட்டிய துளை ஆகியவைதாம் அதன் வாசல். ஆகவே மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், மெத்தென்று உள்வாங்கக் கூடாது. விரலால் தட்டிக்கொண்டே போங்கள், ஓசை திடீரென்று மாறும் இடத்தில் சந்தேகப்படுங்கள். அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புதிதாக சிலிக்கோன் பூசியிருந்தால் காரணம் கேளுங்கள்.

கடலோர உப்புக்காற்றும் சும்மா விடாது. அலுமினியம் இரும்பு போலச் செந்துரு பிடிக்காது. ஆனால் திருகாணிகளைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. குனிந்து அடிச்சட்டத்தையும் பாருங்கள், அது இரும்பு.

என்னைக் கேட்டால், பழைய வண்டி என்றால் அலுமினியத் தகடு வைத்ததே நமக்குத் தோது, பழுது பார்க்கும் செலவு கைக்குள் நிற்கும். ஃபைபர் சுவர் முழுக்கக் காய்ந்திருப்பது உறுதியானால் மட்டும் அதற்குப் போகலாம்.

உணவுக் கடை போடுவோர் கவனிக்க: போலிஸ்டைரின் எளிதில் உருகித் தீப்பிடிக்கும், கரும்புகை கக்கும். தங்குவதற்காகச் செய்த கேரவனுக்குள் கேஸ் அடுப்பை வைத்து ரொட்டி சானாய் போடுவது ஆபத்து. அடுப்பைச் சுற்றித் தீ தாங்கும் தடுப்பு வேண்டும்.

இறக்குமதி வண்டியில் கதவு எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா வண்டிகளில் கதவு பொதுவாக இடப்பக்கம், நம் சாலைக்குப் பொருந்தும். அமெரிக்க வண்டியில் வலப்பக்கம், வாகனங்கள் ஓடும் திசையில் இறங்க வேண்டியிருக்கும். அதன் மின்சாதனங்களும் 120 வோல்ட்டுக்கானவை.

எடையையும் கணக்கிடுங்கள். 100 லிட்டர் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். பதிவு, உரிமம் பற்றிய விவரங்களை முன்பணம் கொடுக்கும் முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.