ரப்பர் புழு ஏன் நெளிகிறது?

தண்ணீர்க் குழாயும், தூண்டிலில் மாட்டும் ‘ரப்பர்’ புழுவும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். ரப்பர் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். குழாய் விறைத்து நிற்க, புழு மட்டும் எப்படி நெளிகிறது?

பி.வி.சி.யின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். இடையில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவம் புகுந்தால் பிடி தளர்ந்து, சங்கிலிகள் வழுக்கி நகரும். வீட்டில் புழு வார்ப்பவர்கள் வாங்கும் பிளாஸ்டிசால், இந்தத் திரவத்தில் பி.வி.சி. தூள் மிதக்கும் பால்நிறக் கலவை. சூடேற்றினால் தூள் திரவத்தை உறிஞ்சிக் கெட்டிப்படும்; சுமார் 175 டிகிரி செல்சியஸில் மறுபடி இளகித் தெளியும். நிறமும் மினுக்குத் தூளும் கலந்து அச்சில் ஊற்ற அதுவே தருணம். உப்புத்தூள் சேர்த்தால் புழு வேகமாக மூழ்கும். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் 1949இல் பிளாஸ்டிக் புழுவை உருவாக்கியதும் வீட்டில்தான்.

சூடு மிஞ்சினால் கலவை மஞ்சளித்துக் கருகும். ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். மூக்கு எரிந்த பிறகு ஜன்னலைத் திறப்பது காலதாமதம். அச்சில் சொட்டு ஈரம் இருந்தாலும் அது நீராவியாகி, சூடான பிளாஸ்டிக்கை முகத்தில் தெறிக்கவிடும். சமையல் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

சங்கிலிகளுக்கிடையே நிரந்தரப் பிணைப்பு உண்டாவதில்லை என்பதால், கிழிந்த புழுக்களை உருக்கி மீண்டும் வார்க்கலாம். கண்ட பெட்டியில் போட்டுவைக்காதீர்கள். கசியும் பிளாஸ்டிசைசர் சிலவகைப் பெட்டிகளையே இளக்கிவிடும்.