பிழை நேரும் இடத்தில் கருவி என்ன செய்கிறது?

பள்ளி மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்க எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம், வேலைச்சந்தையில் இன்று எந்த மொழிக்கு மதிப்பு அதிகம் என்ற கேள்வியாக அது உருமாறிவிடுகிறது. ஆறாம் வகுப்பு மாணவர் வேலைக்குச் செல்லப் பத்தாண்டாகும் என்பதும், அதற்குள் சந்தையின் போக்கு எப்படி மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதும் தெரிந்திருந்தும், பள்ளி நிர்வாகங்களும் பெற்றோரும் இந்த அளவுகோலையே கையில் எடுக்கின்றனர். ஆசிரியருக்கு வகுப்பறையில் கைகொடுக்கும் அளவுகோல் வேறு. மாணவர் தவறு செய்யும்போது அந்தக் கருவி என்ன செய்கிறது, எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பதே அது.

இதைப் பாராமல் விட்டதன் விளைவை இந்தியக் கணினி ஆய்வகங்களில் நெடுங்காலம் காண முடிந்தது. போர்லாண்ட் நிறுவனம் 1990 இல் வெளியிட்ட டர்போ சி++, டாஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கப்பட்டது; சி++ மொழிக்கான சர்வதேசத் தரநிலையோ 1998 இல்தான் வந்தது. 16 பிட் நிரல்களை இயக்காத 64 பிட் விண்டோஸ் பரவிய பிறகும், பழைய டாஸ் சூழலைப் போலச் செய்து காட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளுக்குள் வைத்து டர்போ சி++ இன் நீலத் திரையைப் பல கல்வி நிறுவனங்கள் தொடர்ந்து ஓட்டின. ஏனெனில் பாடநூலும் ரெக்கார்டு நோட்டும் செய்முறைத் தேர்வும் அதைச் சுற்றியே அமைந்திருந்தன. அதில் சாதாரண முழு எண் 16 பிட்டுகளில் சேமிக்கப்படுவதால், 32,767 க்கு மேற்பட்ட எண் அதற்குள் அடங்காது. 200 ஐ 200 ஆல் பெருக்கச் சொன்னால் 40,000 வருவதற்குப் பதிலாக −25,536 என்ற விடை, எச்சரிக்கை ஏதுமின்றி, திரையில் வந்து நிற்கும். எழுதிய நிரலில் தவறில்லை, விடை மட்டும் தவறு என்ற இந்த நிலையில், புதிதாகக் கற்பவர் தன் அறிவைத்தான் சந்தேகிப்பாரே தவிரக் கருவியைச் சந்தேகிக்கமாட்டார்.

நிரலாக்கம் கற்பவரின் மனத்தில் கணினியைப் பற்றி ஒரு சித்திரம் உருவாகிறது: மதிப்புகள் எங்கே இருக்கின்றன, ஒரு கட்டளை நிறைவேறும்போது அவற்றில் எது மாறுகிறது என்பதைப் பற்றிய சித்திரம் அது. மென்பொருள் ஒன்று கற்பவர்முன் வைக்கும் இந்த எளிமைப்படுத்தப்பட்ட கணினியை, பென் டூ பூலேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1981 இல் வெளியிட்ட கட்டுரையில் 'கருத்தியல் இயந்திரம்' என்ற பொருள்படும் பெயரால் விளக்கினர். அது எளிமையாக இருப்பதோடு, அதன் உள்ளே நடப்பது கற்பவரின் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். பேசப்படும் அளவுக்கு இந்தக் கருத்து மென்பொருள் தேர்வில் பயன்படுவதில்லை.

பயனரிடம் வயதைக் கேட்டு, அதனுடன் ஒன்றைக் கூட்டி, அடுத்த ஆண்டின் வயதைச் சொல்லும் மிகச் சிறிய நிரலை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007 இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச், கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் வண்ணக் கட்டங்களாக இழுத்துப் பொருத்தும் சூழல். அதில் 14 என்று விடையளித்தால் 15 வரும். 'பதினான்கு' என்று எழுத்தால் விடையளித்தாலோ, எண்ணாக மாறாத எழுத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு 1 என்று சொல்லிவிடும். பழைய சி++ இல் எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினால், வாசிப்பு தோல்வியுற்றதை நிரல் வெளியே சொல்லாது. மாறியில், அதாவது மதிப்பைத் தாங்கும் பெயரிட்ட இடத்தில், முன்பே கிடந்த ஏதோ ஒரு மதிப்புடன் ஒன்றைக் கூட்டிவிடும். பைத்தானில் நிலைமை நேர்மாறானது. 14 என்று சரியாகவே தட்டினாலும், உள்ளீடாக வருவதெல்லாம் எழுத்துகளின் வரிசையாகிய சரம் என்பதால், சரத்தோடு எண்ணைச் சேர்க்க இயலாது என்று அந்த வரியிலேயே நிரல் நின்றுவிடும்.

முதல் இரண்டும் அமைதியாகத் தவறான விடை தருகின்றன. மூன்றாவது சண்டை போடுகிறது. கற்பித்தலுக்குச் சண்டையே மேல், ஆனால் சண்டையின் காரணம் புரிய வேண்டும். பைத்தானின் பிழைச்செய்தி ஆங்கிலத்தில், கலைச்சொற்களுடன் வருவதால், தமிழ்வழி மாணவர் அதைப் படிக்காமலே மூடிவிடும் வாய்ப்பு அதிகம். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தொன்னி என்ற இலவசச் செயலி இங்கே உதவுகிறது. நிரலை ஒவ்வொரு படியாக ஓட்டி, மாறிகளின் மதிப்பை அருகிலேயே ஒரு பலகத்தில் அது காட்டும். அங்கே 14 என்பது மேற்கோள்குறிகளுக்கு இடையே நிற்பதைக் கண்ட மாணவருக்கு, அது எண்ணல்ல, எழுத்து என்பதை நீண்ட விளக்கமின்றிச் சுட்டிக்காட்டிவிடலாம்.

இதனால் கட்டங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று ஆகாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் டேவிட் வைன்ட்ராப், யூரி விலென்ஸ்கி இருவரும் நடத்திய ஆய்வில், முதல் ஐந்து வாரம் கட்டங்களில் கற்றவர்கள், எழுத்துவடிவ மொழியில் கற்றவர்களைவிடக் கூடுதலாகக் கற்றிருந்தனர். இரு பிரிவினரும் ஜாவாவுக்கு மாறிப் பத்து வாரம் ஆனபின் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கட்டங்கள் வெறும் விளையாட்டு என்று கருதுவோரையும், கட்டங்களில் தொடங்கினாலே எல்லாம் எளிதாகிவிடும் என்று விற்போரையும் இது ஒருசேர மறுக்கிறது. நிறுத்தற்குறி ஒன்று தவறியதால் எழும் பிழைகளுக்குக் கட்டங்களில் இடமே இல்லை என்பதால், பத்து வயதுக் குழந்தைக்கு அவை பெரும் விடுதலை. எண், எழுத்து போன்ற தரவு வகைகளைக் கற்பிக்கும் பருவத்திலோ, எழுத்தையும் எண்ணாக ஏற்றுக்கொள்ளும் அவற்றின் இணக்கம் தடையாகிவிடுகிறது.

தமிழிலேயே நிரல் எழுதுவதற்கு முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற திறந்தமூல மொழியும் தமிழ்வழி மாணவரின் கோணத்தில் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான மொழிகள் 'எனில்' என்ற பொருள் தரும் சொல்லை முன்னால் வைத்து நிபந்தனையைப் பின்னால் எழுதச் சொல்ல, எழிலோ நிபந்தனையை முதலில் எழுதி 'ஆனால்' என்ற சொல்லை அதன்பின் வைக்கிறது. தமிழ் வாக்கியம் அமையும் வரிசையும் அதுவே. எனினும் மேல்நிலை முதலாம் ஆண்டில் சி++, இரண்டாம் ஆண்டில் பைத்தான் என்று தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் வகுத்திருக்கையில், எழிலுக்குத் தேர்வில் இடமில்லை. தேர்வின் நெருக்கடி இல்லாத நடுநிலை வகுப்புகளே அதற்கு ஏற்ற இடம்.

இவ்வளவும் ஆய்வகத்தில் மென்பொருள் ஓடினால்தான். ஸ்க்ராட்சின் இரண்டாம் பதிப்பு ஃபிளாஷ் தொழில்நுட்பத்தை நம்பியிருந்ததும், 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் பதிப்பு அதைக் கைவிட்டுப் புதிய உலாவிகளைக் கோரியதும், பழைய கணினிகளை வைத்துக்கொண்டிருந்த பள்ளிகளுக்குத் தனிச் சிக்கலாயின. இணையமின்றி இயங்குமா, மாணவருக்குத் தனிக் கணக்கு வேண்டுமா என்பனவற்றை ஆய்வகக் கணினியிலேயே நிறுவிப் பார்த்து முடிவு செய்யலாம். அப்போது சரியான நிரலை ஓட்டி மகிழ்வதைவிட, எண் கேட்கும் இடத்தில் எழுத்தைத் தட்டியும், மாறியின் பெயரை ஓரிடத்தில் மாற்றி எழுதியும், முடிவில்லாமல் சுழலும் நிரலை ஓடவிட்டு அதை நிறுத்த முயன்றும் பார்ப்பது ஆசிரியருக்கு அதிகம் சொல்லும். கருவி கைக்கு வந்தபின் மாணவரை உடனே எழுதச் சொல்வதா, பிறர் எழுதிய நிரலை முதலில் வாசித்து அதன் விடையை ஊகிக்கச் சொல்வதா என்பது அடுத்த இதழுக்குரியது.

(தொடரும்)