வெளிநாடு செல்லும் வணிகர்களும் செல்போன் செலவும்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைச் சரக்கை விற்கும் நம் வணிகர்கள், போட்டிச் சரக்கைப் பார்க்கச் சீனா செல்ல நேரலாம். குவாங்சோ நகரில் 1957-ல் தொடங்கிய கான்டன் சந்தை ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது. தரை ஓடு வாங்குவோர் பக்கத்து ஊரான ஃபோஷானுக்கும் போவர்.

அங்கே உள்ளூர் சிம் மலிவுதான். ஆனால் வாட்ஸ்அப், கூகுள் இரண்டையும் சீன அரசு தடுத்திருப்பதால் அதில் திறக்காது. ஹோட்டல் வைஃபையிலும் பெரும்பாலும் அதே கதை. சாம்பிளைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்பி விலை பேச முடியாவிட்டால், சிம்மில் மிச்சம் பிடித்து என்ன பயன்? நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால், இணையத் தொடர்பு பெரும்பாலும் இந்திய நிறுவனத்தின் வழியாகவே வந்துபோவதால் இவை வேலை செய்யும். ஆகவே சீனாவுக்கு ரோமிங் பேக்கே சிக்கனம். ஹாங்காங் வழியாகச் செல்வோர் பேக்கில் அவ்வூர் பெயரும் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும். சிங்கப்பூர், மலேசியாவில் இத்தொல்லை இல்லை. விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கலாம்.

அப்போதும் இந்திய சிம்மைக் கழற்றிவிட வேண்டாம். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் வசதியை ஊரிலேயே பெற்றுக்கொண்டு, போனில் 'டேட்டா ரோமிங்'கை மட்டும் அணைத்து வைக்கவும். குறுஞ்செய்தி வருவதற்குப் பொதுவாகக் கட்டணமில்லை. ஆனால் பேக் இல்லாமல், வருகிற அழைப்பை எடுத்தாலும் நிமிடத்துக்குக் காசு. 2003-லிருந்து இன்கமிங் இலவசமாகப் பேசிப் பழகிய நமக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது. 'வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடுங்கள்' என்று கடையில் சொல்லிவிட்டுப் புறப்படவும்.