இயந்திரங்களுக்கும் ஜாதகம்

வாங்கும்போது ரிப்பனும் கைதட்டலும். பழுதானால் மூலையும் தூசியும். கோடிக்கணக்கில் பணம் கொட்டி வாங்கிய கருவிகளின் கதை பல இடங்களில் இதுதான். தொழிற்சாலைகள் கற்றுக்கொண்ட பாடத்தை மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் கற்குமா?

ரயில் நிலையத்தில் வண்டி நிற்கும்போது பெட்டியின் முனைச் சுவரைக் கவனித்தால், சில தேதிகளும் சுருக்கக் குறியீடுகளும் பெயிண்டில் எழுதியிருப்பது தெரியும். பயணிகள் அதைப் படிப்பதில்லை. அந்தப் பெட்டி கடைசியாக எந்தப் பணிமனையில், எப்போது முழுப் பராமரிப்பு பெற்றது, மீண்டும் எப்போது அங்கே திரும்ப வேண்டும் என்ற தகவல்கள் அவை. ரயில்வே பேச்சில் 'பிஓஎச்' தேதி, 'ரிடர்ன்' தேதி. பெட்டி குவாஹாட்டிக்குப் போனாலும் கன்னியாகுமரிக்குப் போனாலும் அதன் வரலாறு அதன் உடம்போடு போகிறது.

இதே கேள்விகளை ஒரு மாவட்ட மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகளுக்கு வெப்பம் தரும் வார்மர் கருவியைப் பார்த்துக் கேட்டால்? வாங்கிய தேதி கிடைக்கும். விலை கிடைக்கும். இரண்டும் ஸ்டோர் கீப்பரின் அலமாரியில் இருக்கும் தடித்த நோட்டில் பத்திரமாக இருக்கும். அரசு அலுவலகங்களில் அதற்கு 'டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்' என்று பெயர். கருவி வந்த நாள் அதில் இருக்கும். அது வேலை செய்த நாட்கள், நின்றுபோன நாட்கள், யார் வந்து எதை மாற்றினார்கள் என்ற விவரங்கள் இருக்காது. பிறப்புச் சான்றிதழ் உண்டு. மருத்துவக் குறிப்பு இல்லை.

இதன் விலை என்ன என்பதை அரசே ஒருமுறை கணக்கெடுத்தது. தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் மருத்துவக் கருவிகள் பராமரிப்புத் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டபோது, மாநிலம் மாநிலமாகக் கருவிகள் எண்ணப்பட்டன. 29 மாநிலங்களில் 29,115 சுகாதார நிலையங்கள். மொத்தம் 7,56,750 கருவிகள். மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். அவற்றில் மாநிலத்துக்கு ஏற்ப 13 முதல் 34 சதவீதம் வரை இயங்காமல் கிடந்தன. அதாவது மோசமான இடங்களில் மூன்றில் ஒரு கருவி வெறும் இரும்பு. எக்ஸ்ரே எடுக்க வந்தவர் தனியார் ஸ்கேன் சென்டருக்கு அனுப்பப்படுவதன் பின்னால் பல சமயம் இருப்பது இந்த எண்தான்.

எண், இடம், ஏடு

பராமரிப்பு மென்பொருள் என்பது கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் அடிப்படை எளிது. முதலில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குக் கீழே தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், வாங்கிய நாள், உத்தரவாதம் முடியும் நாள், பராமரிப்பு ஒப்பந்தம் யாருடன் என்ற விவரங்கள். இது கருவியின் ஜாதகம்.

அடுத்தது, பலர் தவறவிடும் விஷயம்: இடத்துக்கும் ஒரு தனி எண். உரத் தொழிற்சாலையில் தண்ணீர் ஏற்றும் மூன்றாவது பம்ப்பின் இடம் நிரந்தரமானது. அந்த இடத்தில் இன்று ஒரு பம்ப் இருக்கும். நாளை அதைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பிவிட்டு வேறொன்றைப் பொருத்துவார்கள். பம்ப்புக்கு ஒரு வரலாறு, இடத்துக்கு ஒரு வரலாறு என இரண்டையும் பிரித்து வைத்தால்தான் உண்மை வெளிவரும். எந்தப் பம்ப்பை மாட்டினாலும் அந்த ஓர் இடத்தில் மட்டும் அடிக்கடி பேரிங் போகிறதென்றால் குற்றவாளி பம்ப் அல்ல. அடித்தளமோ குழாயோ கோணலாக இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் இதைக் கண்டுபிடிக்க ஓர் அனுபவசாலி மேஸ்திரியின் ஞாபகசக்தி வேண்டும். அவர் ஓய்வு பெற்றால் ஞாபகமும் ஓய்வு பெறும்.

மூன்றாவது, வேலை ஆணை. பழுது என்று ஒருவர் தகவல் பதிவு செய்கிறார். அதிலிருந்து ஆணை பிறக்கிறது. யார் போனார், எத்தனை மணி நேரம் ஆனது, எந்த உதிரி பாகம் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டது, என்ன செலவு என்று எல்லாம் அந்த ஆணையில் சேர்கின்றன. நான்காவது, முன்கூட்டிய பராமரிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நாட்காட்டியை வைத்தும் திட்டமிடலாம்; 500 மணி நேரம் ஓடியதும் என்று மீட்டரை வைத்தும் திட்டமிடலாம். மாதம் ஒருமுறை ஓடும் ஜெனரேட்டருக்கும் தினமும் ஆறு மணி நேரம் ஓடும் ஜெனரேட்டருக்கும் ஒரே நாட்காட்டி பொருந்தாது என்பது சாதாரண அறிவு. காகிதத்தில் அதைச் செயல்படுத்துவதுதான் சிரமம்.

இந்திய ஆலைகளுக்கு இது புதிதல்ல. ஜெர்மனியின் எஸ்ஏபி நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஆர்/3 மென்பொருள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்தியாவின் பெரிய ஆலைகளுக்குள் நுழைந்துவிட்டது. டாடா ஸ்டீல் 1999இல் அதற்கு மாறியது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் அதே பாதையில் சென்றன. கணக்கு, கொள்முதல், ஸ்டோர், பராமரிப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ். பேரிங் தீரும் முன்பே கொள்முதல் பிரிவுக்குத் தகவல் போகும் என்பது அதன் கவர்ச்சி.

இரண்டு சீட்டுகள், 167 உயிர்கள்

காகிதங்கள் தனித்தனியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத உதாரணம் வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6 அன்று அங்கே 'ஏ' பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, குழாய் முனையைத் தட்டு வைத்து மூடியிருந்தார்கள். அதற்கு ஓர் அனுமதிச் சீட்டு. அதே பம்ப்புக்குச் செய்ய வேண்டிய பெரிய பராமரிப்பு வேலைக்கு இன்னொரு சீட்டு. இரவில் 'பி' பம்ப் நின்றுபோனது. பணியில் இருந்தவர்கள் பராமரிப்புச் சீட்டைப் பார்த்தார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை என்று தெரிந்தது. வால்வுச் சீட்டு அவர்கள் பார்வைக்கு வரவில்லை. 'ஏ' பம்ப்பை இயக்கினார்கள். எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டனர். விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990இல் 106 பரிந்துரைகள் தந்தார். இரண்டு சீட்டுகளும் ஒரே பம்ப் எண்ணின் கீழ் இணைந்திருந்தால் இரண்டாவது சீட்டு தானாகவே கண்ணில் பட்டிருக்கும்.

நம் ஊர் அனுபவமும் குறைந்ததல்ல. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் விஷவாயு கிளம்பியபோது, யூனியன் கார்பைடு ஆலையின் குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரத்துக்குச் செல்லும் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு பராமரிப்புப் பிரச்சினை. எல்லாம் ஒரே நேரத்தில் செயலிழந்திருக்கின்றன என்பதை ஒரே பார்வையில் பார்த்து, ஆலையை இந்த நிலையில் வைத்திருக்கலாமா என்று கேட்டு நிறுத்தியவர் யாரும் இல்லை.

மறந்துபோன கருவி

பதிவேடு, கருவி ஓடும் காலத்துக்கு மட்டும் என்று நினைப்பது இன்னொரு தவறு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்கு 1960களின் இறுதியில் கனடாவிலிருந்து காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று வாங்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60. 1985க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு அது ஓர் அறையில் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சாமானாக ஏலத்தில் விற்கப்பட்டது. மேற்கு டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தார்கள். ஏப்ரலில் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக நோய்வாய்ப்பட்டனர். ஒருவர் இறந்தார். சர்வதேச அணு விபத்து அளவுகோலில் அது நான்காம் நிலையில் வைக்கப்பட்டது.

கருவியை வாங்கியபோது இருந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டனர். உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவும் அவர்களோடு போய்விட்டது. கருவி எண்ணோடு 'கதிரியக்கப் பொருள். வாரியத்தின் அனுமதி இன்றி அகற்றக் கூடாது' என்ற ஒரு வரி இணைந்திருந்து, அந்த வரியைப் பார்க்காமல் ஏலப் பட்டியல் தயாரிக்க முடியாது என்ற நிலை இருந்திருந்தால், மாயாபுரி என்ற பெயர் செய்திகளில் வந்திருக்காது. இன்று எக்ஸ்ரே முதல் சி.டி. ஸ்கேன் வரை கதிர்வீச்சுக் கருவிகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 'இ-லோரா' கம்ப்யூட்டர் அமைப்பில் பதிவு செய்ய வேண்டும்.

'மற்றவை' என்னும் மாயம்

ஆனால் மென்பொருள் வந்தால் உண்மையும் கூடவே வந்துவிடும் என்று நம்புவது பேதைமை. பழுதுக்குக் காரணம் என்ன என்று திரை கேட்கும். எண்ணெய்க் குறைவு, அதிக வெப்பம், தவறான இயக்கம் என்று நீளமான பட்டியல். கடைசியில் 'மற்றவை'. எட்டு மணி நேரம் கிரீஸில் உழன்றுவிட்டு வரும் ஃபிட்டருக்கு எது சுலபம்? ஓர் ஆண்டு கழித்து அறிக்கை எடுத்தால், ஆலையின் பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் 'மற்றவை' என்று கம்ப்யூட்டர் பளிச்சென்று வண்ணப்படம் போட்டுக் காட்டும்.

மாதக் கடைசியில் நிலுவை ஆணைகளை ஒரே மூச்சில் 'முடிந்தது' என்று மூடுவது அடுத்த வித்தை. எண்ணெய் மாற்றியது 5ஆம் தேதியா 25ஆம் தேதியா என்பது யாருக்கும் தெரியாது. ஒரே கருவி இரண்டு எண்களில் இரண்டு முறை பதிவாவதும், அடுத்த வார்டுக்குத் தூக்கிச் சென்ற மானிட்டர் பதிவில் மட்டும் பழைய வார்டிலேயே இருப்பதும் தினசரிச் சங்கதிகள்.

மருத்துவமனைத் திட்டத்தின் இலக்குகளையே எடுத்துக்கொள்வோம். மாவட்ட மருத்துவமனைகளில் கருவிகள் 95 சதவீத நேரம் இயங்க வேண்டும். சமுதாய சுகாதார நிலையத்தில் 90. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 80 சதவீதம் என்பது ஆண்டில் 73 நாள் கருவி நின்றாலும் இலக்கு நிறைவேறிவிட்டது என்று பொருள். அதைவிட முக்கியமான கேள்வி: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? பழுது என்று யாராவது புகார் பதிவு செய்த பிறகுதான். புகார் செய்து அலுத்துப்போன நர்ஸ், கருவியை மூலையில் தள்ளித் துணி போட்டு மூடிவிட்டால், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது 100 சதவீதம் ஆரோக்கியமாக இருக்கிறது. பராமரிப்பு நிறுவனத்துக்குக் கட்டணம் கருவிகளின் மொத்த மதிப்பை வைத்துத் தரப்படும்போது, உபயோகமற்றுப் போன கருவியைப் பட்டியலிலிருந்து நீக்க யாருக்கும் அவசரம் இருக்காது. எனவே நேரில் போய் எண்ணிப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. நிலையான சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகளும் சொல்கின்றன.

பழுது என்றால் என்ன?

கோவிட் காலம் இதையெல்லாம் வெட்டவெளிச்சமாக்கியது. 2020 மே மாதம் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்காகச் சுமார் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, சில மாநிலங்களில் வென்டிலேட்டர்கள் பிரிக்கப்படாமலே கிடங்குகளில் கிடப்பதாகச் செய்திகள் வந்தன. 2021 மே மாதம் பிரதமரே உடனடித் தணிக்கைக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. எத்தனை பெட்டிகள் போய்ச் சேர்ந்தன என்ற கணக்கு இருந்தது. எத்தனை பொருத்தப்பட்டு ஓடுகின்றன என்பதைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது.

தமிழில் 'பழுது' என்ற சொல்லுக்கு உடைந்துபோனது என்ற பொருள் பிற்பாடு அழுத்தம் பெற்றது. பயனின்மை என்பதும் அதன் பழைய பொருள். அந்தக் கணக்குப்படி, பெட்டி பிரிக்காத புத்தம் புதிய வென்டிலேட்டரும் பழுதுதான். அதை இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போய்விட்டால் ஓடுகிற கருவியும் பழுதுதான். நல்ல பதிவேடு இந்த மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்: உடைந்தது, பொருத்தாதது, ஆள் இல்லாதது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு மெக்கானிக், இரண்டாவதற்கு மின் இணைப்பும் ஆக்ஸிஜன் குழாயும், மூன்றாவதற்குப் பயிற்சி.

ராஜஸ்தான் அரசு மருத்துவமனைகளுக்காக உருவாக்கிய 'இ-உபகரண்' மென்பொருள் போன்ற முயற்சிகள் இந்தத் திசையில் எடுத்த நல்ல அடிகள். ஆனால் திரைக்கு முன்னால் உட்காரும் ஆளுக்கு அந்தஸ்தும் நேரமும் தராத எந்த அமைப்பும் நீடிக்காது. மருத்துவமனையில் பயோமெடிக்கல் என்ஜினியர் என்ற பதவி நிரப்பப்பட்டிருக்க வேண்டும். பழுதைப் பதிவு செய்கிற நர்ஸ் மீது 'உடைத்தது யார்' என்ற விசாரணை பாயக் கூடாது. அந்த ஒரு பயமே பல புகார்களைப் பிறக்கும் முன்பே கொன்றுவிடுகிறது. உதிரி பாகம் வாங்க 200 ரூபாய்க்குத் தலைநகரிலிருந்து அனுமதி வர வேண்டும் என்ற நிலையில், எந்த மென்பொருளும் காத்திருப்பு நாட்களை எண்ணித் தரும் வேலையைத்தான் செய்யும்.

புதிய கருவி வாங்குவதற்கு அமைச்சர் வருவார், புகைப்படம் எடுக்கப்படும். பழைய கருவிக்கு 40 ரூபாய் ஃபியூஸ் மாற்றியதற்கு எந்த விழாவும் கிடையாது. ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தையை அதிகாலை இரண்டு மணிக்கு வார்மருக்குக் கீழே படுக்கவைக்கும் நர்ஸுக்கு வேண்டியது அந்த ஃபியூஸ்தான். அதை மாற்ற வேண்டும் என்று முந்தைய மாதமே யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். இன்னொருவர் அதைப் படித்திருக்க வேண்டும்.