தேடலும் பெயரும்: மலையக ஆவணங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆவணகமொன்றின் தேடல் வசதியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே நோக்குவர். 1960களில் கிரான்பீல்டில் கிளெவர்டன் நடத்திய ஆய்வுகள் வேறு இரு வினாக்களை முதன்மைப்படுத்தின: பொருந்தும் ஆவணங்களுள் எத்தனை அகப்பட்டன? அகப்பட்டவற்றுள் எத்தனை பொருந்துவன?

பேராதனை வளாகத்தை அடுத்துயரும் மலையை ஹந்தானை, ஹந்தான, அந்தானை எனப் பலவாறு எழுத இடமுண்டு. எழுத்தை மட்டும் ஒப்பிடும் பொறிக்கு இவை மூன்று மலைகள். 'ஹந்தானையில்' என உருபேற்றால் நான்காவதும் தோன்றிவிடும்! இவை பொறிமுறைக் குறைகள், திருத்தத்தக்கன.

தோட்ட ஆவணங்களிலோ சிக்கல் ஆழமானது. கம்பனிப் பதிவேடு துரைமார் இட்ட பெயரையே தாங்கியுள்ளது. தொழிலாளர் வழங்கிய பெயர் பட்டியலேறுவது அரிது. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றமையால், ஒரே தோட்டத்தின் தாள்கள் வெவ்வேறு நிறுவனப் பெயர்களிற் சிதறிக் கிடக்கின்றன. கங்காணியின் கடனோடு தொழிலாளரைப் பிணைத்து, 1921இல் ஒழிக்கப்பட்ட 'துண்டு' முறையைத் தேடுபவருக்குத் தோளில் இடும் துண்டும் நிலத்துண்டும் வந்து குவியும். உடைமையாளனின் சொல்லைத் தலைப்பாக்கிய பட்டியல் அவனது நினைவையே மீட்டுத்தரும். இதனை நடுநிலை என்பது மயக்கமன்றி வேறில்லை.

எனவே, மாற்றுப் பெயர்களை ஒரே பதிவின்கீழ் இணைத்தல் முதற்பணி என்போம். சோதனை வினாக்களை நூலகர் மட்டும் வகுத்தலாகாது. பெரட்டு, லயம், துண்டு எனத் தோட்டத்தார் வழங்கும் சொற்களால் தேடி, இருப்பதாக நாமறிந்த ஆவணங்களுள் எவை தப்பின என எண்ணுதல் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் அதே வினாக்களால் மீண்டும் எண்ணுதல் வேண்டும்.